பத்துப் பெட்டி தேனீயும் ஜூலை மாதமும்

11 ஜூன் 2023, கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கல்ஃப் போக ஏஜெண்டிடம் பணம் கட்டலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எங்களுக்கு 22 சென்ட் விளை (தோட்டம்) உண்டு. ரப்பர் 30 மூடு (மரம்), தென்னை 6. பத்துப் பெட்டி தேனீ வைத்தால் மாதம் இருபதாயிரம் கிடைக்கும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். நீங்கள் இதிலேயே இருப்பவர். உண்மையா? இறக்கிவிடலாமா?

11 ஜூன் 2023, இரவு

மாதம் இருபதாயிரம் கிடைக்காது. முதலில் அந்த "மாதம்" என்ற சொல்லை மகன் மறக்க வேண்டும். நம் ரப்பர் நாட்டில் தேன் வருவது வருடத்துக்கு ஒரு பருவம்தான். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச், மிஞ்சினால் ஏப்ரல் வரை. மீதி மாதங்களில் நாம்தான் தேனீக்குச் சாப்பாடு போட வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். 25 பெட்டி வைத்திருக்கிறேன். நல்ல வருடத்தில் பெட்டிக்கு 10 கிலோ எடுத்திருக்கிறேன், மோசமான வருடத்தில் 4 கிலோ. சராசரி 8 என்று வையுங்கள், 200 கிலோ. பாதியைத் தெரிந்தவர்களுக்குப் பாட்டிலில் கிலோ 350-க்கு விற்கிறேன், மீதியை மொத்தமாக 170-க்குக் கொடுக்கிறேன். 52,000 ரூபாய். சர்க்கரை, பாட்டில், கெட்டுப்போன பெட்டிகளுக்குப் பதில் புதுப் பெட்டி, வண்டிக்கூலி எல்லாம் போனால் கையில் நாற்பதாயிரம் நிற்கும். வருடத்துக்கு.

அதனால் பத்துப் பெட்டியோடு தொடங்கட்டும், ஆனால் வேறு வேலையையும் விடாமல் செய்யட்டும். உழைக்கிற பையனாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் பயிற்சிக்குப் போய் மானியத்தில் பத்துப் பெட்டி வாங்கினான். ஆறு மாதத்தில் பத்தும் காலி. பெட்டியைத் திறந்து பார்க்கவே சோம்பல். அப்படி இருந்தால் கல்ஃபே நல்லது.

12 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. 22 சென்ட் போதுமா என்ற கவலை வேண்டாம். தேனீக்குப் பட்டா தெரியாது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் வரை அது பறந்து மேயும். நம் கொல்லையில் பெட்டி இருக்கும், தேன் அடுத்தவர் விளையிலிருந்து வரும். சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத பையன்கூட இதைச் செய்யலாம். என் 25 பெட்டியில் 14 மற்றவர்களின் ரப்பர் விளையில்தான் இருக்கின்றன. வருடம் ஒரு பாட்டில் தேன் கொடுத்தால் போதும், "வை மக்களே" என்பார்கள்.

19 ஜூன் 2023

"ரப்பர் பூவிலா தேன் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூவில் இல்லை, இலையில். டிசம்பரில் இலை கொட்டி, ஜனவரியில் செம்பு நிறத்தில் தளிர் விடும் அல்லவா? அது விரிந்து இளம்பச்சையாகும்போது ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மூன்று இலைகளும் காம்போடு சேருகிற மூட்டில் சிறிய முடிச்சு மாதிரி சுரப்பிகள் இருக்கும். காலையில் அங்கே ஒரு துளி மினுக்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். தேனீ அதற்குத்தான் வருகிறது. அந்த இலை முற்றிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். நம் வருமானம் முழுவதும் அந்தச் சில வாரங்களில்தான்.

இந்த மாவட்டத்துக்குத் தேன்பெட்டி வந்ததும் இதே கேள்வியால்தான், கிராமத்து ஆட்கள் கைச்செலவுக்கு என்ன செய்வது என்று. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப்புறப் பணியை நடத்தினார். அப்போது இது திருவிதாங்கூர். கோழி, நெசவு, தேனீ என்று சிறு சிறு தொழில்களைச் செய்து காட்டிப் பழக்கினார்கள். பெட்டி அதற்கும் முன்பு திருச்சியில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீயின் அளவுக்குச் செய்தது. கீழே, ஈ அடை (மெழுகுக் கூடு) கட்டும் ஏழு மரச் சட்டம் கொண்ட புழு அறை, மேலே தேன் அறை. நான் இன்றைக்கும் அதே நியூட்டன் பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன்.

என் அப்பா பால்வெட்டுக்காரர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பத்து மணிக்குப் பாலை ஊற்றிவிட்டு வந்தால் பிறகு முழுப் பகலும் தேனீதான். பால்வெட்டும் தேனீயும் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தும். அதே மரம், அதே விளை, அதே ஆள். மகனை ரப்பர் பால் வெட்டப் பழகச் சொன்னால் கோபப்படுவான், டிப்ளமோக்காரன். ஆனால் 30 மூடு மரம் வீட்டில் இருக்கிறது, யாருக்கோ கூலி கொடுக்கிறீர்கள்.

2 ஜூலை 2023

முதல் பதிலில் எங்கள் தெருப் பையனைச் சோம்பேறி என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன், அவனிடம் நேரில்.

நடந்தது இது. நேற்று அவன் அம்மா மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தாள். பேச்சுவாக்கில் பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன். "அவன் இன்னும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அக்கா" என்றாள். என்ன நோட்டு என்று போய்ப் பார்த்தேன்.

நாற்பது பக்க நோட்டு. ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம். பெட்டி வந்தது போன வருடம் பிப்ரவரி கடைசியில், அதாவது பருவம் பாதி ஓடிய பிறகு. மார்ச்சில் மூன்று பெட்டியில் கொஞ்சம் தேன் எடுத்திருக்கிறான். ஏப்ரலில் "ஈ நல்லா போகுது வருது". ஜூன் 10-க்கு மேல் "மழை, வெளியே போகலை". ஜூலை 3-ம் தேதி "4-ம் பெட்டி காலி". 7-ம் தேதி 1-ம் பெட்டியும் 9-ம் பெட்டியும். ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்திருக்கிறான், பாவம். திறக்கத் திறக்க ஈ இன்னும் கலைந்திருக்கும். 22-ம் தேதி பக்கத்தில் "எல்லாம் போச்சு, அடையில் வெள்ளைப் புழு, நூல் மாதிரி" என்று எழுதியிருக்கிறான். அது மெழுகு அந்துப்பூச்சி. கூட்டத்தைக் கொன்றது அதுவல்ல. பலவீனமான கூட்டில் அடைகளைக் காக்க ஈ இல்லாதபோது வருவது அது.

"சர்க்கரைத் தண்ணி வைத்தாயா?" என்றேன். "எதுக்கு அத்தை?" என்றான்.

மூன்று நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தேனீயின் வகைகள், ராணி எத்தனை முட்டை போடும், தேனின் மருத்துவ குணம், கடன் விண்ணப்பம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பட்டினிக் காலம் என்று ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. கொடுத்த நம்பருக்கு அவன் ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறான். வந்து பார்க்க ஆள் இல்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு வீடு. அவன் பெட்டிகள் காலியானது எனக்கு அப்போதே தெரியும். நானும் போய்ப் பார்க்கவில்லை.

3 ஜூலை 2023

இரவு தூக்கம் வரவில்லை. அருமனைக்காரருக்கு நான் சொன்ன "பத்துப் பெட்டி"யையும் மாற்றுகிறேன்.

மூன்று பெட்டி போதும். ஒன்று செத்தாலும் இரண்டு இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பலமான கூட்டம், எது மெலிந்தது என்று பார்த்துப் பழகலாம். பத்து வாங்கினால் தெரியாத கையில் பத்தும் ஒரே மாதிரிச் சாகும். இப்போது வாங்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் காசு கொடுத்துத் தேனீ வாங்குவது வீண். அக்டோபர் வரை அவன் யார் கூடவாவது நிற்கட்டும், சர்க்கரை கலக்கட்டும், பெட்டி சுத்தம் செய்யட்டும். கையில் ஒரு பைசா வராது. ஆனால் அந்த நான்கு மாதம்தான் படிப்பு. தேன் எடுப்பது ஒரு நாளில் படித்துவிடலாம்.

எங்கள் தெருப் பையன் நாளை முதல் என்னோடு வருகிறான். அவனுடைய காலிப் பெட்டி பத்தையும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வெயில்தான் வர மாட்டேன் என்கிறது.

20 ஜூலை 2023

"சர்க்கரை கொடுத்து எடுக்கும் தேன் கலப்படம்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. கோபமில்லை.

மழைக்காலத்தில் கொடுக்கிற சர்க்கரை ஈ உயிரோடு இருப்பதற்கு. அதை அதுவே தின்று தீர்க்கும், சேமிக்கிற அளவுக்குக் கொடுப்பதில்லை. தேன் வரத்து தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும், மேலே தேன் அறையை வைத்த பிறகு ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது. அப்போதும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் கலப்படம். அந்தப் புத்தி நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது, ஒரு வருடம் ஏமாற்றினால் அடுத்த வருடம் மார்த்தாண்டம் தேன் என்ற பெயரையே யாரும் நம்ப மாட்டார்கள்.

முறை இது. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரைக் கணக்கு. ஒரு சிரட்டையை (கொட்டாங்குச்சி) கழுவி அதில் ஊற்றி, மேலே இரண்டு மூன்று ஈர்க்குச்சி போட்டு, பெட்டிக்குள்ளே வைக்க வேண்டும். குச்சி இல்லையென்றால் ஈ விழுந்து சாகும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தாலோ ஒரு சொட்டு வெளியே சிந்தினாலோ பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கும். வாசலில் ஈயும் ஈயும் கட்டிப் புரளும். பார்க்கவே மனசு கெட்டுப்போகும்.

பையன் முதல் நாள் சிந்திவிட்டான். இரண்டாம் வாரத்திலிருந்து வாயகன்ற புனல் ஒன்றை அவனே கொண்டுவந்தான். அதில் பாதி சைக்கிள் டியூப். என் 25 பெட்டிக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அவனுக்கு நாற்பது நிமிடம்.

21 ஜூலை 2023

எறும்பு பற்றி இருவர் கேட்டீர்கள். ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணம் காய்ந்தால் ஒரே இரவில் முசிறு ஏறிவிடும். பெட்டியைத் தொடுகிற கொப்பையும் வெட்டிவிடுங்கள், கிண்ணத்தைச் சுற்றிப் போக அதற்கு அது பாலம்.

14 ஆகஸ்ட் 2023

கடன். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், பி.எம்.இ.ஜி.பி. என்பார்களே அதில், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர் உள்ளிட்ட பிரிவினருக்கு 35. சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5. நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகள் இரண்டாவதில்தான் வரும். விண்ணப்பத்துக்கு நாகர்கோவில் கோணத்தில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. மானியம் பணமாகக் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும், தொழில் நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். "மூணு லட்சம் எடு, ஒரு லட்சம் சும்மா" என்று யாராவது சொன்னால் அவர் கமிஷன்காரர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

என் கருத்து: முதல் வருடம் கடன் வேண்டாம். மூன்று பெட்டிக்குக் கடன் தேவையில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டி, 30, 40 பெட்டிக்குப் போகும்போது, தேனை வடிகட்டிப் பாட்டிலில் அடைக்க இடம் வேண்டும் என்கிறபோது போகலாம். கடன் முதலில் வந்தால் கவலை எல்லாம் தவணை மேலேயே இருக்கும். எங்கள் தெருப் பையன் வீட்டில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், காலிப் பெட்டிக்கு.

15 ஆகஸ்ட் 2023

நேற்றைக்கு நான் எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு அவன் "பரவாயில்லை அத்தை, ஆனா எங்க அப்பா ரப்பர் விலை கிலோ 240 தொட்ட காலத்துல வீடு கட்ட வாங்கின கடனை ஒட்டிப் பார்த்தா இது சின்னது" என்றான். 2011-ல் அந்த விலை. பிறகு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரே மரத்தை நம்பி இருந்த எல்லா வீட்டிலும் அந்த அடி விழுந்தது. 2017-ல் ஓகி புயல் வந்து நின்ற மரத்தையும் சாய்த்தது. எங்கள் பக்கத்து விளையில் மறுநாள் காலையில் நடக்க வழியில்லை, மரத்துக்கு மேல் மரம். அதனால்தான் சிறு சிறு தொழில் நாலு வேண்டும் என்கிறேன். ஒன்று படுத்தாலும் மற்றது சோறு போடும்.

1 அக்டோபர் 2023

தேனீ கொட்டினால் முகம் வீங்கி மூச்சு முட்டுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, உயிருக்கு ஆபத்து. அவர்களுக்கு என்ன வழி என்று இரண்டு அம்மாமார் கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததில் மிக உறுதியானது தென்னை ஏறுவது. யோசித்துப் பாருங்கள், தேங்காய் வெட்ட ஆள் கிடைக்காமல் எத்தனை விளையில் நெற்று தானாக விழுந்துகொண்டிருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்று ஒரு பயிற்சி தொடங்கியது. ஏறும் கருவியும் காப்பீடும் சேர்த்து. கருவியை மாட்டினால் பெண்களும் ஏறுகிறார்கள். முதல் இல்லாத தொழில், அன்றன்றைக்குக் காசு. மனத்தடைதான் குறுக்கே நிற்கிறது. "படித்த பையன் மரம் ஏறுவானா" என்று கேட்கிற பெரியவர்களே தேங்காய் வெட்ட ஆள் தேடி வாரம் முழுக்க அலைகிறார்கள்.

இன்னொன்று ஒட்டுக்கட்டுவது. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் நாற்றுப்பண்ணைகளில் நல்ல கை உள்ள ஒட்டுக்காரனுக்கு எண்ணிக்கைக் கூலி. கத்தி, பிளாஸ்டிக் நாடா, பொறுமை. இதில் டிப்ளமோக்காரன் கை நன்றாக வரும் என்று நினைக்கிறேன், அளவெடுத்து வேலை செய்து பழகியவர்கள். கை பழகியவன் தன் வீட்டு முற்றத்திலேயே நல்லமிளகு, கிராம்பு நாற்றுப் போட்டு விற்கலாம். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நாற்றுக்குக் கேள்வி குறையாது.

காளானும் கேட்டீர்கள். நம் வெக்கைக்குப் பால்காளான் ஒத்துவரும், கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதில் ஒரு இரகம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது வளர வைக்கோல் வேண்டும், இங்கே யாரிடம் வாங்குவது? வயல் எல்லாம் வாழையும் வீடுமாக மாறிவிட்டது. நெல்வயல் இருக்கிற தோவாளைப் பக்கத்தவர்களுக்குச் சரி, விளவங்கோட்டில் இருப்பவர் வைக்கோலுக்கு வண்டிவாடகை கொடுத்து முடியாது. காளான் பறித்த அன்றே விற்கவும் வேண்டும். எனக்கு இதில் சொந்த அனுபவம் இல்லை, இதற்கு மேல் சொல்ல மாட்டேன். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

5 நவம்பர் 2023

முதல் பதிலில் போட்ட கணக்கில் பெரிய பிழை ஒன்று இருப்பதை இப்போது பார்த்தேன். தேனீக் கூட்டம் விற்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை கூட்டம் பெருகும் காலம். ஏழு சட்டத்திலும் ஈ மூடி நின்று, அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்குகிற ராணி அறை தெரிந்தால், பிரிக்கலாம். ராணி அறையோடு மூன்று நான்கு சட்டத்தை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்து, வாசலைப் புல்லால் அடைத்து, இருட்டின பிறகு தூரமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஈ எல்லாம் தாய்ப்பெட்டிக்கே திரும்பிவிடும். புது ராணி வெளியே வந்து, பறந்து இணைசேர்ந்து, முட்டை வைக்கிறதைப் பார்த்தால் ஒரு கூட்டம் தயார். போன வருடம் பெட்டி இல்லாமல் கூட்டம் மட்டும் 1,200 ரூபாய்க்குப் பத்து விற்றேன். பன்னிரண்டாயிரம். ஒரு கிலோ தேனும் எடுக்காமல்.

ஆக, வருடம் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அப்போதும் அது மாதம் இருபதாயிரம் ஆகாது. பால்வெட்டுக் கூலியோடு சேர்ந்தால் ஒரு வீடு நடக்கும்.

பையனுக்கு மூன்று கூட்டம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கவில்லை, மழைக்காலம் முழுக்க உழைத்தான். அவன் பெட்டி பத்தில் மூன்று நிறைந்திருக்கிறது. ஏழு கவிழ்ந்தபடி இருக்கட்டும், அவசரம் இல்லை என்றேன். தலையாட்டினான். மறுநாள் பார்த்தால் பத்துக்கும் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான்.

19 நவம்பர் 2023

"நோய் வந்தால்?" என்று கேட்டவருக்கு.

எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் கலக்கம் தரும். 1991, 92-ல் தென்னிந்தியா முழுவதும் ஒரு வைரஸ் வந்தது, தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்று பெயர். நான் அப்போது பிளஸ் டூ. அப்பாவிடம் 40 பெட்டி இருந்தது. ஒரு நாள் ஒரு சட்டத்தைத் தூக்கி என்னிடம் காட்டினார். மூடியிருக்க வேண்டிய அறைகள் திறந்து, உள்ளே புழுக்கள் தலையை மேலே தூக்கிக்கொண்டு தோணி மாதிரி கிடந்தன. ஒரு ஊசியால் ஒன்றை எடுத்தார், தண்ணீர் நிறைந்த பை போலத் தொங்கியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் 40-ல் மிஞ்சியது இரண்டு. மாவட்டம் முழுக்க அப்படித்தான், தேனை நம்பியிருந்த குடும்பங்கள் கூலிக்குப் போயின.

அந்த இரண்டிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி வந்தது. அப்பா விதி ஒன்று வைத்திருந்தார்: நோய் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து மட்டுமே பிரிக்க வேண்டும், நிறைய தேன் தருகிறது என்பதற்காக நோய் கண்ட கூட்டத்தைப் பெருக்கக் கூடாது. நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். மருந்து இல்லை. நோய்க் கூட்டத்துச் சட்டத்தை நல்ல பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையைக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் தெரியாத கூட்டத்தை வாங்குவதும் வேண்டாம்.

22 டிசம்பர் 2023

17, 18 மழையில் எங்கள் பக்கம் பெட்டிகளுக்குச் சேதம் இல்லை. கேட்ட எல்லோருக்கும் நன்றி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மக்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் நம்முடையது ஒன்றுமே இல்லை.

18 பிப்ரவரி 2024

இலை விரிந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் இரவில் ஒரு இரைச்சல் கேட்கும், தூரத்தில் மில் ஓடுகிற மாதிரி. ஈ சிறகை அடித்துத் தேனின் ஈரத்தை ஓட்டுகிற சத்தம். பையன் நேற்று இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு, போனைப் பெட்டி மேல் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தான். என் வீட்டிலும் 25 பெட்டி இரைந்துகொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டேன்.

ஒரு எச்சரிக்கை. தளிர் நேரத்தில் பனியோ மழையோ விழுந்தால் இளம் இலையில் சாம்பல் நோய் பிடித்துக் கொட்டிவிடும், தேனும் போகும். அதற்குக் கந்தகத் தூள் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெட்டி நிற்கிற விளைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அடிக்கிற நாளைச் சொன்னால் வாசலை மூடி வைக்கலாம்.

10 மார்ச் 2024

தேன் எடுத்தோம்.

அவசரப்பட்டு எடுத்தால் தண்ணியாக இருக்கும், புளிக்கும். சட்டத்தில் முக்கால் பாகமாவது ஈ மெழுகால் மூடியிருக்க வேண்டும். தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்பது அரசு விதி, ரப்பர் தேன் இயல்பிலேயே இளகல். முதல் சுற்றுக்கு ஒரு வாரம் முன்பே எடுக்கலாமா என்று பையன் கேட்டான். மூடாத அறை ஒன்றைக் கவிழ்த்து உதறிக் காட்டினேன், சொட்டியது. மூடியது சொட்டவில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மூன்று பெட்டியில் இரண்டு சுற்றில் 21 கிலோ. விற்றது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மொத்த வியாபாரி வந்தார். போன வருடம் எனக்கு 170 கொடுத்தவர் அவனுக்கு 120 என்றார். பையன் புதியவன், அதிலும் கடன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்றும் விலை ஏறவில்லை. கொடுக்கவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து (2024-ல் வருடம் 12 லட்சத்துக்குக் கீழே விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான்), தன் பெயரில் லேபிள் ஒட்டி அரைக் கிலோ பாட்டிலில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற வழியில் ஒரு மேசை. 17 கிலோ இரண்டு வாரத்தில் போய்விட்டது, கிலோ 400-க்கு. மீதி நாலு கிலோவில் இரண்டு கிலோ விளைக்காரருக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று என் கையில் திணித்தான்.

6,800 ரூபாய். பெரிய தொகை இல்லை. அம்மாவிடம் கொடுத்து இந்த மாதத் தவணையைக் கட்டச் சொல்லிவிட்டு, மீதியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், சந்தோஷம். அந்தப் பெயரின் பலன் 21 கிலோக்காரனுக்கும் போய்ச்சேர வேண்டும் என்றால், கிராமத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே இடத்தில் வடிகட்டி, ஒரே அளவில் ஈரம் பார்த்து விற்க வேண்டும். எங்கள் தெருவில் இப்போது மூன்று பேர் இருக்கிறோம்.

11 மார்ச் 2024

மூன்றாவது ஆள் யார் என்று கேட்டீர்கள். அருமனைக்காரரின் மகன்தான். நவம்பர் முதல் சனிக்கிழமை தோறும் பைக்கில் வருகிறான். அப்பா முதல் கேள்வி கேட்டபோது கல்ஃப் ஏஜெண்டிடம் கட்ட வைத்திருந்த பணம் இன்னும் அவர் கையில் இருக்கிறது. தேன் எடுக்கும் டிரம்மின் பல்சக்கரம் எங்கள் மூவருக்கும் பெரிய தலைவலி, சத்தமும் அதிகம். அவன் கழற்றிக் கொண்டுபோய் பேரிங் மாற்றிக் கொண்டுவந்தான். இப்போது பிள்ளைகூடச் சுற்றலாம். கல்ஃப் போவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. போனாலும் எனக்கு வருத்தமில்லை, திரும்பி வந்தால் செய்ய ஒரு வேலை கையில் இருக்கிறது.

28 ஏப்ரல் 2024

தேன் வரத்து நின்றுவிட்டது. மேல் அறைகளை எடுத்துவிட்டோம். அடைகளில் ஈக்கென்று கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறோம், ஒட்ட எடுக்கக் கூடாது.

இன்று காலை தெருப் பையன் தோளில் ஒரு மூட்டையோடு வந்தான். என் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். 50 கிலோ சர்க்கரை.

"இப்பவே எதுக்கு மக்களே, ஜூனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே?"

"விலை ஏறும் அத்தை. அப்புறம், இந்தத் தடவை கீழத்தெருவுல ரெண்டு பேரு பெட்டி வாங்கியிருக்காங்க. மூணு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்தாங்க. அவங்களுக்கும் சேர்த்து."